'ஹராஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்ன டைப்பிங், ஜெராக்ஸ் கடை. மனு, புகார், ராஜினாமா கடிதம், பெங்களூரில் இருக்கும் ஹெச்.ஆருக்கு அனுப்பும் ஈமெயில் என்று எல்லாம் வரும். தமிழில் சொன்னால் ஆங்கிலத்தில் அடித்துத் தருவேன், சிலர் தாங்களே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்து 'சரியா பாருங்க' என்பார்கள். அந்தத் தாள்களில் அதிகம் மாட்டிக்கொண்டு முழிக்கிற சொல் இந்த ஹராஸ்தான். ஒரே கேள்விக்கு வாரத்துக்கு நாலு பேரிடம் பதில் சொல்வதைவிட ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஹராஸ் என்றால் தமிழில் என்ன?

ஒரு சொல்லில் அடங்காது. மாமியார் வீட்டில் நடந்தால் நாம் 'வரதட்சணைக் கொடுமை' என்கிறோம், பேப்பர்காரர்கள் 'பாலியல் தொல்லை', 'பாலியல் சீண்டல்' என்று எழுதுகிறார்கள், சட்டத் தமிழில் 'துன்புறுத்தல்', கடன்காரன் விஷயத்தில் 'குடைச்சல்'. ஆங்கிலத்தில் இது அத்தனைக்கும் ஹராஸ் ஒன்றே போதும். நாம் நாலு சொல்லில் பிரித்து வைத்திருப்பதை அவர்கள் ஒரே சொல்லில் போட்டு, முன்னால் 'டவுரி', 'செக்ஷுவல்' என்று ஒரு அடைமொழி மட்டும் ஒட்டிக்கொள்கிறார்கள்.

அகராதியை மூடிவிட்டு வீட்டுத் தமிழில் தேடினால் எனக்குக் கிடைத்த மிக நெருங்கிய சொல் 'படுத்தி எடுப்பது'. 'என்னைப் படுத்தி எடுக்கிறான்' என்று சொல்லும்போது மூன்று விஷயம் சேர்ந்து வருகிறது. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குச் செய்கிறார், ஒரு தடவையோடு விடவில்லை, வாங்குகிறவர் ஓய்ந்து போய்விட்டார். ஹராஸ் என்பதற்குள்ளும் இந்த மூன்றும் இருக்கின்றன. முக்கியமாக அந்த நடுவில் உள்ள எண்ணிக்கை. அதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இது எங்கிருந்து வந்த சொல்? புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் வேறு அர்த்தம் சொல்கிறார்களே?

அவர்கள் சொல்வதும் சரிதான். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. பிரெஞ்சில் அதற்குக் களைக்க வைப்பது, சக்கையாகப் பிழிந்துவிடுவது என்று பொருள். இன்றைக்கும் பிரெஞ்சில் அதே பொருள்தான். புதுச்சேரியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்தா தாத்தா இருந்தார் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து அந்த ஊர் பென்ஷன் வாங்குபவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). சித்திரை வெயிலில் மார்க்கெட்டுக்குப் போய்வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் 'ஜ சுய் அராஸே' என்பார். அவரை யாரும் எதுவும் செய்துவிடவில்லை, 'செத்துட்டேன்டா, அவ்வளவு களைப்பு' என்கிறார், அவ்வளவுதான். ஆங்கிலக்காரர்கள் ஹராஸ் என்று சொல்வதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள், 'அர்ஸ்லே' என்று. ஆகவே இரண்டு மொழியும் படிக்கிற பிள்ளைகள் பார்க்க ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

அதற்கும் பின்னால் போனால் இன்னும் சுவாரஸ்யம். நாயை ஏவிவிடுவதற்குப் பழைய பிரெஞ்சில் இருந்த ஒரு வினைச்சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சி செய்பவர்கள் கருதுகிறார்கள். நாயை உசுப்பும்போது அவர்கள் 'ஹார்' என்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுப்பார்களாம். நாம் 'சூ' என்கிறோமே, அதுபோல. ஒருத்தர் மேல் நாயைச் சூ காட்டிவிட்டு அவர் மூச்சு வாங்க ஓடுவதைப் பார்ப்பது. இந்தச் சொல்லின் பூர்வீகமாக இதைச் சொன்னால் நான் நம்பத் தயார்.

எழுத்து எத்தனை? எனக்கு எப்போதும் சந்தேகம் வருகிறது.

எச், ஏ, ஆர், ஏ, எஸ், எஸ். ஆர் ஒன்று, எஸ் இரண்டு. 'எம்பாரஸ்' என்ற சொல்லில் ஆரும் இரண்டு, எஸ்ஸும் இரண்டு. அந்தப் பழக்கத்தில் கை இங்கேயும் இரண்டு ஆர் போட்டுவிடும். கடை ஆரம்பித்த புதிதில் நானே ஒரு மனுவில் ஏழு இடத்தில் அப்படி அடித்து, ஐந்து காப்பியும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மனு வாங்கின ஆபீஸில் ஒருவர் சிவப்பு மையில் ஏழையும் சுழித்துத் திருப்பி அனுப்பினார். மனு கொடுத்தவர் அந்தத் தாளை என் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அன்றையிலிருந்து எனக்குச் சந்தேகமே வருவதில்லை.

உச்சரிப்பு?

இரண்டு விதம் உண்டு. பழைய பிரிட்டிஷ் வழக்கில் முதல் அசையை அழுத்தி 'ஹேரஸ்' என்பார்கள். அமெரிக்காவில் இரண்டாவது அசையை அழுத்தி 'ஹரேஸ்'. இப்போது பிரிட்டனிலும் இரண்டாவது பரவிவிட்டது. எதைச் சொன்னாலும் தப்பில்லை. நான் தமிழில் எழுதும்போது நம் ஊர் வாய்க்கு வருகிற மாதிரி ஹராஸ் என்று எழுதுகிறேன்.

ஆனால் இறந்தகாலத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே கடைசியில் வருவது 'ட்' மட்டும்தான், 'ஹேரஸ்ட்'. நம்மில் நிறைய பேருக்கு முன்னால் வரும் 'ஹ' விழுங்கிப் போகும். 'ஹ' போய்விட்டால் காதில் விழுவது 'அரெஸ்ட்'. ஒரு தம்பி கேட்டில் நடந்த தகராறைப் பற்றி ஹெச்.ஆர் அம்மாவிடம் போனில் 'செக்யூரிட்டி ஹராஸ்ட் மீ' என்று சொல்லியிருக்கிறான். அவர் பதறிப்போய் 'எந்த ஸ்டேஷன்?' என்று கேட்டாராம். போனில் பேசும்போது 'ஹ'வை நன்றாக ஊதிச் சொல்லுங்கள்.

'ஹீ இஸ் கிவிங் ஹராஸ்மென்ட் டு மீ' என்று எழுதலாமா?

கடைக்கு வரும் தாள்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும், ஏன் என்றும் புரிகிறது. தமிழில் 'எனக்குத் தொல்லை கொடுக்கிறார்' என்கிறோம். தொல்லை என்பது கொடுக்கிற பொருள், அது 'எனக்கு' வந்து சேருகிறது. அதையே ஆங்கிலத்தில் இறக்கினால் 'கிவிங்' வரும், 'டு மீ' வரும். ஆங்கிலத்தில் ஹராஸ் நேராக ஆளைப் பிடிக்கும், நடுவில் 'டு' கிடையாது. 'ஹீ இஸ் ஹராஸிங் மீ', அவ்வளவுதான். 'ஹராஸிங் டு மீ' என்பதும் தப்பு. 'எனக்கு' என்று நினைத்துக்கொண்டு எழுதாதீர்கள், 'என்னை' என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். 'என்னைப் படுத்தி எடுக்கிறார்' என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் 'டு' தானாக ஓடிவிடும்.

இதைவிட ஆபத்தான தப்பு ஒன்று இருக்கிறது. போன வருஷம் சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். கிழித்த தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தாள், மூன்று தாள், ஓரத்தில் பின் குத்தியிருந்தது. முதல் வரியே 'ஐ ஆம் ஹராஸிங் சின்ஸ் சிக்ஸ் மன்த்ஸ்'. 'ஆறு மாசமா எனக்குத் தொல்லை நடக்குதுண்ணா' என்கிறாள். ஆனால் அந்த வரி சொல்வது என்ன? 'ஆறு மாதமாக நான் மற்றவர்களைத் துன்புறுத்திக்கொண்டிருக்கிறேன்' என்று. புகார் கொடுப்பவரே குற்றவாளியாக ஒப்புக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது. சொன்னதும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

நம் மேல் நடந்ததைச் சொல்லும்போது 'ஐ ஹேவ் பீன் ஹராஸ்ட் பை' என்று போட்டு, அப்புறம் செய்தவர் பெயர். நடந்துகொண்டே இருக்கிறது என்றால் 'ஐ ஆம் பீயிங் ஹராஸ்ட்'. அந்த 'பீயிங்' விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது கொஞ்சம் குழப்பமாக இருந்தால் ஆளை முன்னால் போட்டு 'மை சூப்பர்வைசர் ஹேஸ் பீன் ஹராஸிங் மீ ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்' என்று நேராக எழுதிவிடுங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும், யார் செய்தார் என்பது வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கிறது. 'சின்ஸ்' அல்ல 'ஃபார்' என்பதையும் கவனியுங்கள், ஆறு மாதம் என்பது கால அளவு.

'டிஸ்டர்ப்', 'டார்ச்சர்', 'மிஸ்பிஹேவ்' எல்லாம் இதே பொருள்தானே?

நம் பேச்சில் ஆமாம். ஆங்கிலத்தில் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒருவன் தினமும் பின்னால் வந்தால் நம் வீட்டுப் பெண்கள் 'ஒருத்தன் டிஸ்டர்ப் பண்றான்' என்பார்கள். வெளிப்படையாகச் சொல்லக் கூச்சம், அதனால் அந்த மென்மையான சொல். நமக்குக் கேட்டதுமே புரிந்துவிடும். அதையே ஈமெயிலில் 'ஹீ இஸ் டிஸ்டர்பிங் மீ டெய்லி' என்று போட்டால், வெளியூரில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? பக்கத்து சீட்டுக்காரர் சத்தமாகப் பேசுகிறார் போல என்று நினைப்பார். சீட்டை மாற்றித் தருகிறோம் என்று பதில் வரும். வந்தும் இருக்கிறது.

'மிஸ்பிஹேவ்'வும் அதே ஜாதி. 'என்னிடம் தப்பாக நடந்துகொண்டான்' என்பதை 'ஹீ மிஸ்பிஹேவ்ட் வித் மீ' என்று எழுதுகிறோம். இந்தியாவுக்குள் படிப்பவர் புரிந்துகொள்வார், வெளிநாட்டு மேலாளர் சேட்டை செய்த சின்னப் பையனைப் பற்றிப் படிப்பது போலப் படிப்பார்.

'டார்ச்சர்' நேர் எதிர்ப்பக்கம். 'மேனேஜர் டார்ச்சர் தாங்கல' என்று நாம் டீக்கடையில் சொல்வது வெறும் அலுப்பு. ஆங்கிலத்தில் எழுத்தில் வந்தால் அது சித்திரவதை, உடம்பில் காயம் இருக்கும். லீவு தராததற்கு அந்தச் சொல்லைப் போட்டால் படிப்பவர் மிகைப்படுத்துகிறார் என்று முடிவு கட்டி மீதியையும் நம்பமாட்டார்.

ஹராஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் அதையும் தனியாக நிற்க விடாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் எண்ணிக்கை இருக்கிறது என்றேனே, அதை எடுத்து வெளியே வையுங்கள். மேலே சொன்ன சிப்காட் பெண்ணின் மூன்று தாளிலும் 'டிஸ்டர்பிங்' பதினோரு தடவை இருந்தது, ஒரு தேதிகூட இல்லை. உட்கார வைத்துக் கேட்டேன், டீ வாங்கி வைத்தது ஆறிப்போனது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள், நீ வேண்டாம் என்று சொன்னாயா. போனைத் திறந்து காட்டினாள், இரவு பத்தரைக்கு மேல் வந்த வாட்ஸ்அப் மட்டும் பதினாலு. தேதி போட்டு வரிசையாக அடித்தோம். கடைசியில் ஹராஸ் என்ற சொல் அந்தக் கடிதத்தில் இரண்டே இடத்தில்தான் வந்தது, முதல் வரியில் ஒன்று, முடிவில் ஒன்று.

ஒரே ஒரு தடவை செய்தால் ஹராஸ் என்று சொல்ல முடியாதா?

பொதுப் பேச்சில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப நடப்பதைத்தான் காட்டும். பிரிட்டனில் 1997-இல் வந்த சட்டம் குறைந்தது இரண்டு தடவையாவது நடந்திருக்க வேண்டும் என்று எண்ணியே வைத்திருக்கிறது. ஆனால் பாலியல் விஷயத்தில் அப்படி இல்லை. நம் நாட்டில் வேலையிடத்துப் பெண்களுக்கான 2013-ஆம் வருஷச் சட்டத்தில் 'விருப்பமில்லாத செயல் ஒன்றோ பலவோ' என்ற பொருளில்தான் வரையறை இருக்கிறது. ஒரு தடவை கை வைத்தாலும் போதும். 'ஒரு தடவைதானேம்மா' என்று யாராவது சொன்னால் அது இலக்கணமும் இல்லை, சட்டமும் இல்லை.

அந்தச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. நான் தேதி தேதி என்று உயிரை வாங்குவது இதனால்தான். மற்றதை வக்கீலிடம் கேளுங்கள், நான் டைப் அடிப்பவன்.

'ஈவ் டீசிங்', 'ராகிங்' என்று எழுதலாமா?

'ஈவ் டீசிங்' நம் நாட்டிலேயே முளைத்த ஆங்கிலம், லண்டனில் போய்ச் சொன்னால் விளங்காது. அதிலும் 'டீசிங்' என்றால் கேலி, விளையாட்டு. குற்றத்துக்கு விளையாட்டுப் பெயர் வைத்த கதை. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்ததை அடுத்துத் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடுப்புச் சட்டம் அந்தப் பெயரிலேயே வந்தது. பிறகு அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ஹராஸ்மென்ட் என்று மாற்றிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2023-இல் வெளியிட்ட கையேடும் ஈவ் டீசிங்கை விட்டுவிட்டு 'ஸ்ட்ரீட் செக்ஷுவல் ஹராஸ்மென்ட்' என்று எழுதச் சொல்கிறது. (அந்த 1998 சட்டம் தமிழ்நாட்டுச் சட்டம். கடலூருக்குச் செல்லும், ரெட்டிச்சாவடி தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விட்டால் செல்லாது. ஒரே பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதை விளக்குவது ஒரு தனி வேலை.)

ராகிங் வேறு. அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. நம் பக்கத்துச் சிதம்பரத்தில் 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-இல் தமிழ்நாடு அதைக் கொண்டுவந்தது. கல்லூரிக்குக் கொடுக்கும் புகாரில் ராகிங் என்றே எழுதுங்கள், ஹராஸ் என்று எழுதி நீர்த்துப் போகவிட வேண்டாம்.

என் பையன் பாடத்தில் 'எ ஹராஸ்ட் மதர்' என்று வருகிறது. அந்த அம்மாவை யார் துன்புறுத்தினார்கள்?

யாரும் இல்லை. இந்த இடத்தில்தான் அந்தப் பழைய பிரெஞ்சுக் களைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாருங்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, மூன்றாவது பாப்கார்ன் கேட்டு முந்தானையை இழுக்கிறது, கட்டைப்பையின் ஒரு காது அறுந்துவிட்டது, பண்ருட்டி வண்டி நிற்காமல் போகிறது. அந்த அம்மாதான் ஹராஸ்ட் மதர். 'அல்லாடிப்போன அம்மா' என்று மொழிபெயர்க்கலாம். 'துன்புறுத்தப்பட்ட தாய்' என்று எழுதினால் கதையில் இல்லாத வில்லனை நாம் உருவாக்கியதாகிவிடும்.

சண்டை, பறவை இதற்கெல்லாமும் வருமா?

வரும். சரித்திரப் புத்தகத்தில் நிறைய வரும். நேருக்கு நேர் மோதாமல் ஓரங்களில் அடித்துவிட்டு ஓடுவது, மறுபடி வந்து அடிப்பது, எதிரியைத் தூங்க விடாமல் செய்வது. 1781-இல் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படை கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அலைந்தபோது ஹைதர் அலியின் குதிரைப்படை அதைச் செய்தது, சாப்பாட்டு வண்டி வரும் வழியை அடைத்து. ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் நடந்தது முழுச் சண்டை, அதை ஹராஸ் என்று சொல்ல மாட்டார்கள்.

பறவைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் போதும். மீனுக்கு இறங்கும் செம்பருந்தை நாலு காக்காய் சேர்ந்து துரத்தும். கொத்திக் கொல்லாது, கொல்லவும் முடியாது. பின்னாலேயே போய் வாலைத் தட்டித் தட்டி, கடைசியில் பருந்து 'போங்கடா' என்று கிளம்பிவிடும். வயல்வெளியில் இதைத் தனி ஆளாகவே செய்வது கரிச்சான். பறவை பார்ப்பவர்கள் எழுதும் ஆங்கிலக் குறிப்பில் ஹராஸ் என்ற சொல் இதற்குத்தான் வரும்.

'ஹராஸ்மென்ட்ஸ்' என்று பன்மையில்?

வேண்டாம். 'சோ மெனி ஹராஸ்மென்ட்ஸ்' என்று மனுக்களில் பார்க்கிறேன், இன்றைய ஆங்கிலத்தில் அது உறுத்தும். தண்ணீர், மணல் மாதிரி எண்ணாத சொல்லாக வையுங்கள். எண்ண வேண்டுமானால் 'இன்ஸிடென்ட்ஸ்' என்று சம்பவங்களை எண்ணுங்கள்.

லோன் கட்டவில்லை என்று ஏஜென்ட் போன் மேல் போன் போடுகிறான். அது ஹராஸ்மென்ட்டா?

ஒரு நாளைக்கு ஒரு போன் ஞாபகப்படுத்தல், ஓயாமல் போன் மேல் போன் போட்டால் ஹராஸ்மென்ட்தான். காலை எட்டு மணிக்கு முன்னாலும் இரவு ஏழு மணிக்குப் பின்னாலும் கடன் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டவோ ஹராஸ் செய்யவோ கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டிருக்கிறது, அதில் இதே சொல் இருக்கிறது. எழுதும்போது 'ஹராஸிங் மீ ஃபார் பேமென்ட்' என்று போடலாம், கால் லிஸ்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டைக் கட்டாயம் சேருங்கள்.

விளையாட்டாக இந்தச் சொல்லைச் சொல்லலாமா?

வீட்டில் தாராளமாக. 'ஸ்டாப் ஹராஸிங் த கேட்' என்று ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிள்ளைகளை அதட்டுவது சகஜம். என் கடையில் ஜெராக்ஸ் மிஷின் சூட்டுக்கு வந்து படுக்கும் பூனை ஒன்று உண்டு, ஸ்கூல் விட்டதும் பிராஜெக்ட் பிரின்ட் எடுக்க வரும் பிள்ளைகளிடம் நானும் இதைச் சொல்வேன். ஆபீஸ் குரூப்பில் மட்டும், லஞ்சுக்கு வரச்சொல்லி மூன்று தடவை கூப்பிட்ட நண்பனை 'ஹீ இஸ் ஹராஸிங் மீ' என்று சிரிக்கும் பொம்மையோடு போட்டுவிடாதீர்கள். பொம்மையைப் பார்க்காமல் வரியை மட்டும் படிக்கிறவர் ஒருவர் அந்தக் குரூப்பில் நிச்சயம் இருப்பார்.